கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பாதாளக் கரண்டி

கிணற்றில் வாளி விழுந்துவிட்டால் நம் ஊர்ப்பக்கத்தில் என்ன செய்வார்கள் என்பது இம்மும்பை மாநகரில் பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்குத் தெரிய நியாயமில்லை. தெருவில் யாரேனும் ஒருவர் வீட்டில் பாதாளக் கரண்டி என்னும் கருவி இருக்கும். இரும்பு வளையத்தில் பல கொக்கிகள் தொங்கும் அதனைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கித் துழாவினால், வாளியின் பிடி ஏதேனும் ஒரு கொக்கியில் அகப்படும். அகப்பட்ட செய்தியைக் கயிறே கைக்குச் சொல்லிவிடும். திருநெல்வேலிச் சீமையில் உள்ள நம் தாயார் வீட்டில் அத்தகைய கரண்டி ஒன்று இன்றும் உண்டு. இரவல் கேட்டு வருவோர் ஒரு செம்பையோ குடத்தையோ ஈடாக வைத்துவிட்டு அதனை எடுத்துச் செல்வதை நாம் சிறுவயதில் பார்த்திருக்கிறோம்.

அதே பாதாளக் கரண்டியின் நாகரிக உடன்பிறப்பு ஒன்றை இந்நகரின் மால்களில் காணலாம். ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே வண்ண விளக்குகள். அடியில் குவியலாகப் பஞ்சுப் பொம்மைகள். மேலே மூன்று விரல்களுடன் தொங்கும் ஓர் இரும்புக் கை. காசு கொடுத்து, கைப்பிடியை அசைத்து, அந்த இரும்புக் கையைப் பொம்மைக்கு நேர் மேலே நிறுத்திப் பொத்தானை அமுக்கினால், கை இறங்கிப் பொம்மையைக் கவ்வி, மூலையில் உள்ள துளைக்குக் கொண்டு வந்து போடும். போட்டால் பொம்மை நமக்கு. போடாவிட்டால் காசு அவர்களுக்கு. சங்கத்துக் குடும்பங்களில் இதன் முன் நின்று பாராத குழந்தை அநேகமாக இராது. ஆகவே இதனைப் பற்றி நாம் அறிந்துகொண்டதை இப்பக்கங்களில் எழுதத் துணிந்தோம்.

அறிந்துகொள்ள நேர்ந்த காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சென்ற கோடை விடுமுறை முடிந்து ஊரிலிருந்து புறப்பட்டபோது, ஒன்பது வயதான நம் மகனின் கையில் அவன் ஆச்சி 500 ரூபாய் கொடுத்து அனுப்பினார். பையன் அதனைச் செலவழிக்காமல் ஜாமெட்ரி பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மால் ஒன்றின் விளையாட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நீல நிற யானைப் பொம்மை ஒன்றைக் கண்டான். தங்கைக்கு அதை எடுத்துத் தருவேன் என்று ஆச்சி கொடுத்த பணத்தை நீட்டினான். ஓர் ஆட்டத்துக்கு 50 ரூபாய் வீதம் பத்து ஆட்டம் ஆடினான். மூன்று முறை யானை மேலே எழும்பிற்று. ஒரு முறை துளையின் விளிம்பு வரையில் வந்து விழுந்தது. பத்தும் முடிந்தன.

அதன்பின் நடந்ததைச் சொல்ல நமக்குக் கூச்சமாகவே இருக்கிறது. குழந்தையின் கை தவறினாலும் பெரியவர் கை தவறாது என்றெண்ணி, மாதக் கடைசி என்பதையும் மறந்து, நாமே ஆறு ஆட்டம் ஆடினோம். மேலும் 300 ரூபாய் சென்றது. யானை அங்கேயே இருந்தது. வீடு திரும்பும் ரயிலில் பையன் நெடுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, என் கை ராசியில்லாத கை" என்றான்.

பணம் போனதைவிட அந்தச் சொல்தான் நம்மை வருத்தியது. அன்று நமக்கு விடை கூறத் தெரியவில்லை.

பெட்டியின் உள்ளே

நம் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு மின்விளக்குகள் அமைத்துத் தரும் அன்பர் ஒருவர், இவ்வகை இயந்திரங்களைப் பழுது பார்ப்பதையும் தொழிலாகக் கொண்டவர். அவரிடம் இதைச் சொன்னோம். தம் பட்டறைக்குப் பழுது நீக்க வந்திருந்த ஓர் இயந்திரத்தைத் திறந்து காட்டி, பொறுமையுடன் விளக்கினார்.

மாட்டுங்காவில் உள்ளது போன்ற ரயில்வே பணிமனைகளுக்குள் சென்றிருப்பவர்கள், கூரையை ஒட்டி ஓடும் பெரிய கிரேனைக் கண்டிருப்பார்கள். ஒரு பாலம் பணிமனையின் நீளவாட்டில் ஓடும். அப்பாலத்தின் மேல் ஒரு சிறு வண்டி குறுக்குவாட்டில் ஓடும். வண்டியிலிருந்து கொக்கி மேலும் கீழுமாக இயங்கும். இந்த மூன்று அசைவுகளே கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு மோட்டார். வெளியே நாம் பிடிக்கும் கைப்பிடியின் அடியில் திசைக்கு ஒன்றாக நான்கு சுவிட்சுகள் உள்ளன. கைப்பிடியைச் சாய்த்தால் அந்தத் திசைச் சுவிட்சு அமுங்கி, உரிய மோட்டார் ஓடுகிறது. குறித்த வினாடிகள் கடந்துவிட்டால், நாம் பொத்தானை அமுக்காவிட்டாலும் இரும்புக் கை தானே இறங்கிவிடும்.

துளையின் உட்புறத்தில் கண்ணுக்குப் புலப்படாத ஒளிக்கற்றை ஒன்று குறுக்கே செல்கிறது. பொம்மை விழும்போது அக்கற்றை தடைபடும். உடனே இயந்திரம் தன் கணக்கில் ஒரு பரிசு வெளியேறியதாகக் குறித்துக்கொள்ளும். எத்தனை ஆட்டம் ஆடப்பட்டது, எத்தனை பரிசு சென்றது என்ற இரண்டும் அதனுள் பதிவாகிக்கொண்டே இருக்கும். வரவும் செலவும் எழுதியே காலம் தள்ளும் குமாஸ்தாவாகிய நமக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் ஒரு பேரேடு இருப்பது வியப்பாகவே இருந்தது.

பிடியின் இரகசியம்

அடுத்து அன்பர் அந்த இரும்புக் கையைக் கழற்றிக் காட்டினார். அதன் தலைப்பகுதிக்குள் செப்புக் கம்பிச் சுருள் ஒன்றும், சுருளின் நடுவே மேலும் கீழும் நகரக்கூடிய இரும்புத் தண்டு ஒன்றும் இருந்தன. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகித் தண்டை உள்ளே இழுக்கும். தண்டுடன் பிணைந்த மூன்று விரல்களும் அப்போது ஒன்றுகூடும். மின்சாரம் நின்றால் தண்டு இறங்கி விரல்கள் விரியும். ஆணியில் கம்பியைச் சுற்றி மின்காந்தம் செய்த பள்ளிக்கூடப் பாடமே இது.

மின்சாரம் மிகுந்தால் காந்தத்தின் இழுப்பு மிகும், குறைந்தால் குறையும். "சார், விரலில் ஒன்றுமில்லை. சுருளுக்குப் போகும் வோல்டேஜில்தான் எல்லாம் இருக்கிறது" என்றார் அன்பர். அந்த வோல்டேஜைக் கூட்டவும் குறைக்கவும் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் வழி உண்டு.

பிறகு அவர் செய்து காட்டியதை நாம் மறக்க இயலாது. ஒரு கரடிப் பொம்மையை நடுவில் வைத்து, முழு வலிமையில் இரும்புக் கையை இறக்கினார். விரல்கள் பொம்மையின் இடுப்பை இறுகப் பற்றித் தூக்கி வந்து துளையில் போட்டன. வலிமையைக் குறைத்துவிட்டு, அதே பொம்மையை அதே இடத்தில் வைத்து, மறுபடியும் இறக்கினார். விரல்கள் முன்போலவே பற்றின, முன்போலவே தூக்கின, உச்சியை அடைந்து வண்டி லேசாகக் குலுங்கியதும் பொம்மை வழுக்கிக்கொண்டு விழுந்தது. நம் மகனுக்கு நீல யானை விழுந்ததும் இப்படியேதான்.

எல்லா இயந்திரங்களும் ஒரே விதமானவை அல்ல. சிலவற்றில் பிடியின் வலிமை எப்போதும் ஒரே அளவாக இருக்கும். அவற்றில் கைத்திறனுக்கு உண்மையாகவே இடமுண்டு. வேறு சிலவற்றில் வலுத்த பிடி, தளர்ந்த பிடி என இரண்டு நிலைகள் உள்ளன. எத்தனை ஆட்டங்களுக்கு ஒரு முறை வலுத்த பிடி வரவேண்டும் என்பதை உரிமையாளர் அமைத்துவிடலாம். இன்னும் சிலவற்றில், தூக்கும்போது வலுவாக இருக்கும் பிடி, உச்சியை அடைந்ததும் தானே தளர்ந்துவிடும். பார்ப்பவருக்குக் "கிட்டத்தட்ட கிடைத்துவிட்டது" என்று தோன்றுவது இதனால்தான். இவை களவாகச் செய்யப்படும் மாற்றங்கள் அல்ல. உற்பத்தியாளர்கள் இயந்திரத்துடன் வழங்கும் வழிகாட்டி நூல்களிலேயே இவ்வமைப்புகளைச் செய்யும் முறை அச்சிடப்பட்டிருக்கிறது. அந்நூல் உரிமையாளருக்குக் கிடைக்கும். ஆடுகிறவர் கண்ணில் படுவதில்லை.

குமாஸ்தாவின் கணக்கு

எத்தனை ஆட்டத்துக்கு ஒரு பரிசு என்பதை எப்படி முடிவு செய்வர்? கணக்கு எளியது. எடுத்துக்காட்டாக, ஒரு பொம்மையின் அடக்க விலை 200 ரூபாய் என்றும், ஆட்டத்துக்கு 50 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். வரவில் பாதியைப் பொம்மைகளுக்கும், மீதியை வாடகை, மின்கட்டணம், ஆள் சம்பளம், இலாபம் ஆகியவற்றுக்கும் ஒதுக்க உரிமையாளர் எண்ணினால், ஒரு பொம்மை வெளியேறுவதற்கு முன் 400 ரூபாய் வரவாக வேண்டும். அஃதாவது எட்டு ஆட்டத்துக்கு ஒரு பரிசு. பொம்மையின் விலை 600 ரூபாயானால் 1200 ரூபாய் வரவாக வேண்டும். 24 ஆட்டத்துக்கு ஒரு பரிசு.

"அப்படியானால் 24 முறை ஆடினால் கட்டாயம் கிடைத்துவிடுமே" என்று அன்பர்கள் கேட்கலாம். நாமும் அப்படித்தான் கேட்டோம். வலுத்த பிடியை வரிசை எண்படி தராமல், குருட்டாம்போக்கில் தரும் இயந்திரங்களும் உண்டு. அவற்றில் 24க்கு ஒன்று என்பது சராசரி மாத்திரமே. பெருக்கிப் பார்த்தால் கிடைக்கும் விடை இது: பத்து ஆட்டம் ஆடும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய 65 பேர் வெறுங்கையுடன் திரும்புவர். நம்மைப்போல் தந்தையும் மகனுமாகப் பதினாறு ஆட்டம் ஆடும் குடும்பங்களில் சுமார் பாதி வெறுங்கையுடன் திரும்பும். 24 ஆட்டங்களும் ஆடி முடித்த நூறு பேரிலும் ஏறத்தாழ 36 பேருக்கு ஒன்றும் கிடைத்திராது. இவையும், வலுத்த பிடி வந்த வேளைகளில் யாருடைய கையும் தவறவில்லை என்று கொண்டு போட்ட கணக்கு.

வரிசை எண்படி இயங்கும் இயந்திரத்தில் வேறொரு வேடிக்கை உண்டு. அது ஆட்டங்களை எண்ணுகிறதே தவிர ஆட்களை எண்ணுவதில்லை. இருபது முறை தோற்று ஒருவர் விலகிச் சென்றபின், அடுத்து வரும் சிறுமி முதல் ஆட்டத்திலேயே பொம்மையைத் தூக்கிவிடலாம். சுற்றி நிற்பவர்கள் அவளைக் கைராசிக்காரி என்பர்.

பிறந்த கதை

இவ்வியந்திரம் அமெரிக்காவில் பிறந்தது. பனாமாக் கால்வாய் 1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதனை வெட்டிய பெரும் நீராவி மண்வாரிகள் அந்நாட்டு மக்களின் கற்பனையைக் கவர்ந்திருந்தன. அவற்றைச் சிறு அளவில் கண்ணாடிப் பெட்டிக்குள் அமைத்து, மிட்டாய்களை அள்ளும் விளையாட்டாக்கினர். 1926ஆம் ஆண்டளவில் 'ஈரி டிக்கர்' என்ற பெயருடன் வெளிவந்த இயந்திரம் புகழ் பெற்றது. அதில் மின்சாரம் இல்லை. ஆடுகிறவரே சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். 1930களில் மின்சாரத்தால் இயங்குபவை வந்தன. மிட்டாய்களோடு வெள்ளி நாணயங்களும் பரிசாயின. பரிசின் மதிப்பு ஏறவே சூதாட்டம் என்ற ஐயமும் எழுந்தது. 1951ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய ஜான்சன் சட்டம், சூதாட்டக் கருவிகளை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வதைத் தடை செய்தது. இம்மண்வாரி இயந்திரங்களும் அத்தடைக்குள் அகப்பட்டுக்கொண்டன.

பின்னர் இவ்விளையாட்டைப் பெரிதும் வளர்த்தது ஜப்பான். சேகா நிறுவனம் 1985ஆம் ஆண்டில் 'யூ.எஃப்.ஓ. கேட்சர்' என்ற இரு விரல் இயந்திரத்தை வெளியிட்டது. அங்கே ஒரே முறையில் தூக்குவதைவிட, பல ஆட்டங்களில் பொம்மையைச் சிறிது சிறிதாகத் தள்ளி விளிம்புக்குக் கொண்டு வருவதே ஆடும் முறை. பலமுறை தோற்றவருக்காகக் கூடத்துப் பணியாளரே வந்து பொம்மையை எளிய இடத்துக்கு மாற்றி வைப்பதும் உண்டு. பரிசின் மதிப்பு 800 யென் அளவைத் தாண்டலாகாது என்றிருந்த வரம்பு, 2022ஆம் ஆண்டில் 1000 யென் அளவுக்கு உயர்த்தப்பட்டது.

திறமையா, அதிர்ஷ்டமா?

நம் நாட்டிலும் இக்கேள்வி பழையதே. 1867ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டமும், மும்பைக்குப் பொருந்தும் 1887ஆம் ஆண்டுச் சட்டமும், திறமையால் மாத்திரம் ஆடப்படும் ஆட்டங்களுக்கு விலக்கு அளித்துள்ளன. சென்னைக் குதிரைப் பந்தயம் பற்றிய வழக்கில் 1996ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், அது பெரும்பாலும் திறமையின்பாற்பட்டது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்திய ஆண்டில், கர்நாடகத்து வீடியோ விளையாட்டுக் கூடங்கள் பற்றிய வழக்கில், அவற்றை உரிமத்தின் வாயிலாக அரசு ஒழுங்குபடுத்துவது செல்லும் என்றும் கூறியது. சட்டம் கற்றவர்கள் இரும்புக் கையை எந்தப் பக்கத்தில் வைப்பார்களோ, அது அவர்கள் வேலை. நம்மைப் போன்ற குடும்பத்தார் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கிணற்றில் பாதாளக் கரண்டி இறக்குபவனின் கைக்குக் கயிறு செய்தி சொல்வதுபோல, இப்பெட்டி நம் குழந்தையின் கைக்கு உண்மை சொல்கிறதா?

சொல்லாததோடு, வேறொன்றையும் செய்கிறது. ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில், புறாக்களைக் கொண்டு செய்த சோதனைகளை விவரித்தனர். இத்தனை கொத்துக்கு ஒரு தானியம் என்று திட்டமாக அளித்தால், புறா தானியம் பெற்றபின் சற்று ஓய்கிறது. எந்தக் கொத்துக்குத் தானியம் வரும் என்பது தெரியாதபடி அளித்தாலோ, ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கிறது. மயிரிழையில் தவறிய தோல்வி, முழுத் தோல்வியைவிட ஆட்டத்தின்மேல் ஆசையை வளர்க்கிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். உச்சியில் நழுவிய யானையை எண்ணி நாம் ஆறு முறை ஆடியது ஏன் என்பது இதைப் படித்தபின் விளங்கிற்று.

பெற்றோர் செய்யத்தக்கது

உரிமையாளர்களைக் கள்வர் என்று கூற நாம் வரவில்லை. 600 ரூபாய்ப் பொம்மையை வருவோர்க்கெல்லாம் 50 ரூபாய்க்குக் கொடுத்தால் எந்தக் கூடமும் ஒரு மாதம் நடவாது. "இத்தனை ஆட்டத்துக்கு ஒரு பரிசு" என்று பெட்டியின்மேல் ஒரு பலகை எழுதி வைத்தால் நமக்குக் குறை ஒன்றுமிராது. அப்பலகை இல்லாதவரையில் அதனை வீட்டில் நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

விளையாடவே கூடாது என்றும் நாம் சொல்லோம். இராட்டினத்துக்குக் காசு கொடுப்பதுபோல், சிறிது நேரக் களிப்புக்கு விலையாக அதனைக் கொடுக்கலாம். பொம்மையின் விலை என்று எண்ணிக் கொடுக்கலாகாது. உள்ளே செல்லுமுன்பே இத்தனை ஆட்டம் என்று குழந்தையுடன் பேசி முடிவு செய்துகொள்வது நலம். ஆடுமுன் பிறர் ஆடுவதைச் சிறிது நேரம் பார்க்கவேண்டும். பற்றிய பொம்மை யாவும் உச்சியில் நழுவினால், அந்தப் பிடி தளர்ந்த பிடி என்று அறியலாம். பொம்மைகள் நெருக்கமாகத் திணிக்கப்பட்டிருக்கும் பெட்டியில் இரும்பு விரல்கள் உள்ளே இறங்கமாட்டா. மேலாகக் கிடப்பதும் துளைக்கு அருகில் இருப்பதுமே எளிது. இவற்றுக்கெல்லாம் மேலாக, தோற்ற குழந்தையிடம் "நீ சரியாகப் பிடிக்கவில்லை" என்று சொல்லாதிருக்க வேண்டும்.

நாம் செய்தது இது. ஒரு மாலையில், பையனை அருகே உட்காரவைத்து, ஓர் ஆணியில் செப்புக் கம்பியைச் சுற்றினோம். முதலில் ஒரு பாட்டரி செல்லை இணைத்தோம். பிறகு இரண்டை இணைத்தோம். குண்டூசிக் கிண்ணத்தில் ஆணியை அவனே வைத்து எடுத்து, ஒட்டிய ஊசிகளை எண்ணித் தாளில் குறித்தான். இரண்டு செல்களின்போது மிகுதியான ஊசிகள் ஒட்டின. மூன்று முறை செய்தும் அப்படியே ஆயிற்று. தாளைச் சற்று நேரம் பார்த்திருந்தவன், "ஆணியைப் பிடித்தது ஒரே கைதானே அப்பா?" என்றான். ஆமென்றோம். "அப்படியானால் அன்றைக்கு அந்தப் பெட்டியில் ஒரு செல்தான் போட்டிருந்தார்கள்" என்று சொல்லிவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டு அவளுக்கும் செய்து காட்டினான்.

ஆச்சியிடம் பணம் போன செய்தியை அதுகாறும் மறைத்திருந்தான். அன்றிரவு தொலைபேசியில் தானாகவே சொன்னான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அது கிடக்கட்டும் ஐயா. அடுத்த லீவுக்கு வா. நம்ம கிணத்துல வாளி விழாமலா இருக்கும்? பாதாளக் கரண்டியை நீயே போட்டு எடு" என்றார். விடுமுறைக்கு இன்னும் எத்தனை நாள் என்று பையன் இப்போது நாட்காட்டியில் எண்ணிக்கொண்டிருக்கிறான்.